உயிர் காலேஜ் சிங்கம்

கிரீம்ஸ் ரோடு லாட்ஜில் எனக்கு இரவு ஷிப்ட்.
சாவிப் பலகை, பாஸ்போர்ட் நகல்கள், கொசு மட்டை.
பன்னிரண்டுக்கு மேல்
ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புகிறவர்களின் செருப்புச் சத்தம்.
அது அடங்கினதும் வாயில் தானாக ஒரு பாட்டு வரும்.
வாய் என்பது தவறு,
அடிவயிறு.
அந்தப் பாட்டில் எனக்குக் கிடைத்தது அடிக்குரல்தான்.

மேலே ஏறிப் போகிற குரல் மார்வின் டிக்ரூஸுக்கு.
பதினைந்து வயதிலும் அவனுக்கு உடையவில்லை.
தாளம் நத்தர்.
அவன் அத்தா கணக்கெழுதிய தோல் மண்டியில்
காலி டின் ஒன்றைக் கவிழ்த்துக்கொள்வான்.
பெரியமேட்டில் அப்போது
மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார்கள்.
நாங்கள் வாயைத் திறந்து பாடினோம்.

இசைத்தட்டு மூர் மார்க்கெட்டில் வாங்கியது.
எட்டு ரூபாய் சொன்னார்,
நாலேகாலுக்குப் படிந்தது, கீறல் இருந்ததால்.
ஊசி அங்கே மாட்டும்போதெல்லாம்
ஒரே சொல் திரும்பத் திரும்ப வரும்.
இங்கிலீஷ் இல்லை என்றான் மார்வின்,
அவன் வீட்டில் அதுதான் பேச்சு.
அரபியும் இல்லை என்றான் நத்தர்.
தமிழ் இல்லை என்று
நான் சொல்லவேண்டி வரவில்லை.
பொருள் தெரியாத சொல்லைத்தான்
தொண்டை கிழியக் கத்த முடியும் என்று
அன்றைக்குத் தெரிந்தது.

மார்க்கெட்டை ஒட்டி உயிர் காலேஜ்.
எழும்பூரில் செத்த காலேஜ்.
இரண்டுக்கும் நடுவில்தான் நாங்கள் படித்தோம்.

பாட்டிலிருந்த சிங்கம் தூங்கிக்கொண்டிருந்தது.
எங்கள் சிங்கம் தூங்கவில்லை.
கடைசி ரயிலும் போன பிறகு
சென்ட்ரல் பக்கமிருந்து
நெஞ்சுச் சளிக்காரர் இருமல் மாதிரி தொடங்கும்.
மார்வின் வீட்டு மொட்டைமாடியில் படுத்தபடி
அதோடு சேர்ந்துகொள்வோம்.
மார்வின் உச்சியில், நான் அடியில்,
எனக்கும் அடியில்
எந்தக் கட்டைக்கும் சிக்காமல் அது.
கீழ்வீட்டு டாரதி ஆன்ட்டி
துடைப்பத்தால் கூரையை இடிப்பாள்.
சரியான இடத்தில் இடிப்பாள், அதுதான் வேடிக்கை.

மார்வின் பெர்த்துக்குப் போனான்.
சிங்கங்களை வண்டலூருக்குக் கொண்டுபோனார்கள்.
மார்க்கெட் எரிந்தது.
அன்று ராத்திரி
உருகிய இசைத்தட்டுகளின் வாடை
தோல் வாடையையே அமுக்கிவிட்டதாக
நத்தர் சொல்வான்.
அவன் போன வருஷம் ஆம்பூரில் மௌத்தானான்.
போன் வந்தது.
நான் போகவில்லை.
ஷிப்ட் மாற்ற ஆள் இல்லை என்று
இப்போதும் சொல்லிக்கொள்கிறேன்.

இருநூற்று நாலில் டர்பன்காரர், பெயர் முசி,
மனைவிக்கு ஈரல் மாற்று.
ராத்திரி இரண்டரைக்கு
வெந்நீர் கேட்டு ஃபிளாஸ்க்கோடு இறங்கினவர்
கடைசிப் படியில் நின்றுவிட்டார்.
நீ அதைத் தப்பாகச் சொல்கிறாய் என்றார்.
உதடுகளை ஒட்டி,
மெழுகுவத்தியை இரண்டு முறை ஊதுவது போல
அந்தச் சொல்லைச் சொன்னார்.
எங்கள் ஜூலுவில் அப்படித்தான், என்றார்.
என்ன அர்த்தம்?
சிங்கம்.

அவ்வளவுதானா என்று கேட்டேன்.
அவ்வளவுதான்.
அங்கே அதை முதலில் பாடினவன்
கூலிக்காரன் என்றும்
கைக்கு வந்தது சில்லறை என்றும்,
ஃபிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னார்,
பழைய வீட்டுக் கடனைச் சொல்வது போல.

பிறகுதான் சிரிப்பு வந்தது.
மாடியில் படுத்துக்கொண்டு எத்தனை ராத்திரி
சிங்கமே சிங்கமே சிங்கமே என்று
அதன் ஊர்ப்பக்கத்துப் பாஷையில்
கூப்பிட்டிருக்கிறோம்.
உச்சரிப்பு தப்பாக இருந்தும்
பதில் சொல்லியிருக்கிறது.
நத்தரிடம் சொல்ல வேண்டும் என்று
செல்லை எடுத்துவிட்டேன்.
எடுத்த கையை என்ன செய்வதென்று தெரியவில்லை.

முசி மேல்குரலைத் தொட்டுப் பார்த்தார்,
நோயாளிகள் தூங்குவதால் மூச்சளவில்.
நான் அடியில்.
தாளத்துக்கு ஆளில்லை.
கொசு மட்டை ஒருமுறை வெடித்தது,
தப்பான இடத்தில்.

மாடியில் மணி அடிக்க, வெந்நீரோடு ஏறிப் போனார்.
ஃபிளாஸ்க்குக்கு இருபது ரூபாய்
பில்லில் எழுதுவது வழக்கம்.
எழுதினேன்.
அடித்தேன்.
முதலாளி கேட்டால் என்ன சொல்வதென்று
இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.